தாரை வார்க்கும் கை

வலது கைக் கட்டைவிரல் ஓரத்தில் அந்த வெள்ளை முதலில் தெரிந்தபோது, கோலமாவு ஒட்டியிருக்கிறது என்று நினைத்து மணிமேகலை முந்தானையில் துடைத்தாள். போகவில்லை. தேய்த்துக் கழுவினாள். அப்போதும் போகவில்லை. அடுத்த பொங்கலுக்குள் இரண்டு கையும் முழங்கை வரை வெளுத்து, உதட்டோரத்திலும் கண்ணைச் சுற்றியும் திட்டுத் திட்டாக இறங்கிவிட்டது. தர்மபுரியில் ஒரு தோல் டாக்டர் பார்த்துவிட்டு, "இது ஒட்டாதுங்கம்மா. வலிக்காது, உயிருக்கும் ஒண்ணும் ஆகாது. நிறம் போயிருக்கு, அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதான் என்று சொல்ல அவருக்கென்ன? அவர் அதியமான்கோட்டையில் களிக்கடை வைத்துப் பிழைக்கவில்லையே.

கடை ஹைவேயை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் இருந்தது. பெங்களூருக்குப் போகிற லாரிக்காரர்கள் தொப்பூர்க் கணவாயை ஏறி முடித்த களைப்பில் அங்கேதான் வண்டியை ஓரம் கட்டுவார்கள். ராகிக் களியும் கீரைக் கடைசலும், ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பும். களியைக் கரண்டியால் எடுத்து வைத்தால் யாரும் தொடமாட்டார்கள். கையைத் தண்ணீரில் நனைத்து, கொதிக்கக் கொதிக்க எடுத்து உருட்டி, தட்டில் பொத்தென்று போட வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்குகிற கை ஊரில் மணிமேகலைக்குத்தான் இருந்தது. கடை என்பதே அந்தக் கைதான் என்று அவள் புருஷன் குப்புராஜே பெருமையடித்துக்கொண்டவன்.

கை வெளுத்த பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நம் ஆட்கள் முகத்துக்கு நேராக எதையும் சொல்லிவிடுவார்களா என்ன. "இன்னைக்கி வவுறு செரியில்லக்கா, ரெண்டு தோசை மட்டும் குடுங்க" என்பார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வயிறு கெட்டுப்போன அதிசயம் அங்கே நடந்தது. குப்புராஜ் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் போய் மணிமேகலையின் தங்கை பூவிழியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

பூவிழியின் புருஷன் லாரி டிரைவர். ஓசூர்ப் பக்கம் இன்னொரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு இவளை மறந்துவிட்டவன். கழுத்தில் தாலியோடும் கையில் ஒரு பையோடும் அவள் வந்து இறங்கினாள். மணிமேகலை பின்கட்டில் களி கிண்டுவது, பூவிழி முன்னால் நின்று உருட்டிப் போடுவது என்று ஏற்பாடாயிற்று. பூவிழிக்குச் சூடு தாங்காது. ஒவ்வொரு உருண்டைக்கும் உஸ் உஸ் என்று கையை உதறுவாள். உருண்டையும் கோணலாகத்தான் விழும். ஆனால் லாரிக்காரர்களின் வயிறு சரியாகிவிட்டது.

அதற்கப்புறம் குப்புராஜ் தன் டம்ளரைத் தனியாக வைத்துக்கொண்டான். கேட்டால், "தெரியாமத்தான் வச்சிருப்பேன்" என்பான். தினமும் தெரியாமல் வைத்தான். படுக்கையும் வாசலுக்குப் போயிற்று, வீட்டுக்குள் புழுக்கமாம். அவனுக்கும் பூவிழிக்கும் ஒன்றும் கிடையாது. இருந்திருந்தால் மணிமேகலைக்குச் சண்டை போட ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். யாரும் எதுவும் செய்யவில்லை. அவளைச் சுற்றி இடம் மட்டும் காலியாகிக்கொண்டே போனது. வாய் பேசாதவள் என்று பெயர் எடுத்தவள் ஆதலால் அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் தாங்கிக்கொண்டதற்கு ஒரே காரணம் மகள் ஐஸ்வர்யா. பி.காம் முடித்துவிட்டு தர்மபுரியில் ஒரு தனியார் பேங்கில் வேலை. காலையில் பஸ்ஸுக்கு ஓடும்போதுகூட அம்மாவின் கன்னத்தில் முத்தம் வைத்துவிட்டு ஓடுகிறவள். அந்த வீட்டில் மணிமேகலையைத் தொட்ட ஒரே ஆள் அவள்தான்.

ஐஸ்வர்யாவைப் பெண் பார்க்க அரூரிலிருந்து வந்தார்கள். பையன் நவநீதன். அரூரில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிற குடும்பம். அப்பா இல்லை, அம்மா ராணியம்மாள்தான் எல்லாம். அன்று காலையில் குப்புராஜ் தலையைச் சொறிந்துகொண்டு பின்கட்டுக்கு வந்து, "மேகலை, பலகாரமெல்லாம் நீ செஞ்சுரு. எடுத்துக்கினு வந்து குடுக்கறத பூவிழி பாத்துக்கட்டும்" என்றான். அவள் சரி என்றாள். பஜ்ஜி சுட்டாள், கேசரி கிளறினாள். கதவிடுக்கு வழியாகப் பையனையும் பார்த்துக்கொண்டாள்.

பூவிழி தட்டோடு போனாள். அக்காள் தங்கைக்குள் முகச்சாயல் உண்டு. ராணியம்மாள் கேசரியை ஒரு வாய் போட்டுவிட்டு, பூவிழியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து, "கேசரி நல்லாருக்குங்க சம்மந்தி. பொண்ணுக்கும் சொல்லிக் குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

இல்லைங்க, இவள் சித்தி, அம்மா உள்ளே இருக்கிறாள் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? குப்புராஜ் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தான். தாய்மாமன் என்ற முறையில் சட்டமாக உட்கார்ந்திருந்த அர்ச்சுனன், மணிமேகலையின் கூடப்பிறந்த தம்பி, பஜ்ஜியைக் கடித்தான். பூவிழி அக்கா மகளைப் பார்த்தாள். ஐஸ்வர்யா தலையைக் குனிந்துகொண்டாள். பூவிழி, "எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேனுங்க" என்றாள்.

கதவுக்குப் பின்னால் மணிமேகலை இன்னொரு தட்டுப் பஜ்ஜியோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு மகள்தான் முதலில் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அழுதாள். "எனக்கு என்னம்மா, நீ எப்டி இருந்தாலும் என் அம்மா. அவங்க பழைய ஆளுங்கம்மா. பரம்பரையா வரும் அது இதும்பாங்க. கல்யாணம் முடியற வரைக்கும்தான். எனக்கு அவர ரொம்ப புடிச்சிருக்கும்மா." அதற்கு மேல் ஒரு தாய் என்ன பேசுவாள்? மணிமேகலை மகளின் கண்ணைத் துடைத்துவிட்டாள். ஒரு வார்த்தைதானே, சம்மந்தி என்று யாரைக் கூப்பிட்டால் என்ன என்று தனக்குத்தானே சொல்லியும் கொண்டாள்.

சொன்ன பொய்க்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியிருந்தது. பத்திரிகையில் பெற்றோர் பெயர் போட வேண்டிய இடத்தில் 'குப்புராஜ் குடும்பத்தார்' என்று மொட்டையாக அச்சடித்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கு மணிமேகலையும் வரலாம் என்று தீர்ப்பாயிற்று, ஆனால் பெண்ணுக்குப் பெரியம்மாவாக. பூவிழி அம்மா என்றால் பூவிழியின் அக்கா பெரியம்மாதானே, முறை ஒன்றும் தப்பில்லை என்று அர்ச்சுனன் விளக்கினான். தாய்மாமனுக்கு முறையெல்லாம் நன்றாகத் தெரிந்திருந்தது. மணிக்கட்டு வரை மறைகிற மாதிரி முழுக்கை ஜாக்கெட் தைத்தார்கள். முகத்துக்கு ஏதோ கிரீம் வாங்கி வந்தார்கள். ஐஸ்வர்யா கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டே, "பெரியம்மா, அந்த ஹேர்பின்ன எடுங்க" என்றாள்.

மணிமேகலை திரும்பிப் பார்த்தாள்.

"இல்லம்மா, பழகிக்கணும்ல. அங்க போயி வாய் தவறி வந்துடப் போவுது" என்று ஐஸ்வர்யா சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே சொன்னதுதான் மணிமேகலைக்குள் எங்கோ போய் இடித்தது. நிச்சயதார்த்தத்தில் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மகள் வந்து காலைத் தொட்டுக் கும்பிடுவாள் என்று காத்திருந்தாள். மகள் சித்தியின் காலைத் தொட்டாள், அப்பாவின் காலைத் தொட்டாள், மாமன் காலைத் தொட்டாள். பெரியம்மா வரைக்கும் வர நேரமில்லை, போட்டோவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து மணிமேகலைக்கு முகத்தில் சிரிப்பு வருவது நின்றது. கோபம் வந்தது. வாழ்நாளெல்லாம் பழக்கமில்லாத கோபம் ஆதலால் அதை எப்படி வைத்துக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை. களிப்பானையில் துடுப்பைப் போட்டுக் கிண்டுகிற கிண்டில் அடுப்பு ஆடியது. குப்புராஜ் ஏதாவது கேட்டால் பதில் சொல்லமாட்டாள். அவனுடைய தனி டம்ளரை எடுத்துத் தானே அதில் காப்பி குடித்துவிட்டு, கழுவாமல் இருந்த இடத்திலேயே வைத்தாள். அவன் பார்த்தான். மறுநாள் வேறு டம்ளர் வந்தது. அதிலும் குடித்தாள்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அரூரிலிருந்து சம்மந்திப் புடவை வந்தது. பெண்ணைப் பெற்றவளுக்கு மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுக்கிற பட்டு. அரக்கு நிறம், நல்ல ஜரிகை. பூவிழி அதை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் தவித்தாள். மூன்றாம் நாள் பின்கட்டுக்குக் கொண்டுவந்து நீட்டினாள்.

"நீயே வச்சுக்கக்கா. இது உனக்கு வந்தது."

"எனக்கு வந்தா எம்பேருக்கு வந்திருக்கும்" என்றாள் மணிமேகலை.

"நான் கேட்டனாக்கா? நானா வந்து ஒக்காந்தேன்? மாமா கூட்டிக்கினு வந்தாரு, வந்தேன். நிக்கச் சொன்னாங்க, நின்னேன். போறதுக்கு எனக்கு வேற வூடு இருக்குதா?"

"நல்லாவே நிக்கற. அன்னிக்கி அந்தம்மா கையப் புடிச்சி ஒக்கார வச்சப்ப ஒம்மூஞ்சியப் பாத்தேன். கதவு வழியா நல்லாத் தெரிஞ்சுது."

பூவிழிக்குக் கண் கலங்கியது. ஆனால் இல்லை என்று சொல்லவில்லை. வருஷக்கணக்கில் யாரும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைக்காதவள் அவள், அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு இனித்தது நிஜம்தான். மணிமேகலை அந்தப் பட்டை வாங்கி நான்காக மடித்தாள். கொதிக்கிற களிப்பானையை அதனாலேயே பிடித்து இறக்கிக் கீழே வைத்தாள். கரி படிந்த பட்டை அப்படியே தங்கையின் கையில் திருப்பிக் கொடுத்தாள். குப்புராஜ் ஆத்திரத்தில் குதித்தான், அர்ச்சுனன் வந்து பஞ்சாயத்துப் பேசினான். "அக்கா, ஒரு பத்து நாளு பொறுத்துக்கக் கூடாதா?" மணிமேகலை அவனிடம், "நீ பஜ்ஜி தின்னியா அன்னிக்கி? நல்லா இருந்துதா?" என்று மட்டும் கேட்டாள்.

அத்தனை கோபத்திலும் மகளை மட்டும் அவள் விட்டு வைத்தாள். பாவம், அந்தக் குழந்தை என்ன செய்யும்? அரூர்க்காரர்களுக்குப் பயந்து, பிடித்தவனை விட முடியாமல் தவிக்கிறது. குற்றமெல்லாம் குப்புராஜுக்கு, பூவிழிக்கு, அந்த ராணியம்மாளுக்கு என்று அவள் பங்கு பிரித்துக் கொடுத்திருந்தாள். மகளுக்கு ஒரு பருக்கைகூட ஒதுக்கவில்லை. ஒரு ஆசையை மட்டும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். தாரை வார்க்கிறபோது எப்படியாவது மகள் தன்னைக் கூப்பிட்டுவிடுவாள். பெற்றவள் கையால் தண்ணீர் விழாமல் எந்தப் பெண்ணாவது தாலி கட்டிக்கொள்வாளா?

அரூரில் மண்டபம். காலை முகூர்த்தம். மணிமேகலை முழுக்கை ஜாக்கெட்டோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் குப்புராஜ் பட்டு வேட்டியில் இருந்தான். பக்கத்தில் பூவிழி, கரி போக வெளுத்து வாங்கிய அந்த அரக்குப் பட்டிலேயே. பேங்கிலிருந்து வந்த பிள்ளைகள் முன்வரிசையில் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கிற யாருக்கும் குப்புராஜும் பூவிழியும் புருஷன் பெண்டாட்டியாகத்தான் தெரிவார்கள்.

ராணியம்மாள் பன்னீர்ச் சொம்போடு வரிசை வரிசையாக வந்தாள். மணிமேகலை பக்கத்தில் வந்ததும் நின்றாள். காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"காப்பி குடிச்சீங்களா, சம்மந்தி?"

மணிமேகலை பின்னால் திரும்பிப் பார்த்தாள். "யாரச் சொல்றீங்க?"

"உங்களத்தான். எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? பொண்ணுக்கு உங்க மூக்கு, உங்க நெத்தி. மொதல்ல நானும் ஏமாந்துதான் போனேன். அடுத்த வாரமே எங்க ஆளு உங்க கடைப் பக்கம் வெசாரிச்சிட்டு வந்து சொல்லிட்டான்."

"அப்பறம் ஏன்…"

"ஏனா? எங்களுக்கு அதுல ஒண்ணுமில்லீங்க. எங்க மாமியாருக்கே இருந்துது, எண்பது வயசு வரைக்கும் நல்லா மகராசியா இருந்தாங்க. நவநீதன் அப்பவே உங்க பொண்ணுக்கு போன் போட்டான். 'அம்மாவ எதுக்கு மறைக்கறீங்க, மேடைக்கி அவங்களே வரட்டும்'னான். அவதான் வேணான்னுட்டா. ஆபீஸ்ல இருந்து வருவாங்களாம், வீடியோ எடுப்பாங்களாம், காலத்துக்கும் ஆல்பத்துல இருக்குமாம். அம்மாவே சரின்னு சொல்லிட்டாங்கன்னும் சொன்னா." ராணியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் கொஞ்சம்தான் இருந்தது. "பெத்தவளே சரின்னா நாங்க என்னாங்க பண்றது? எம்மவ அப்டிச் சொல்லியிருந்தா நான் மேடையப் பிரிச்சிப் போட்டிருப்பேன். எந்திரிச்சி வாங்க, காப்பி ஆறிடப் போவுது."

ராணியம்மாள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். மணிமேகலை உட்கார்ந்தபடியே இருந்தாள். இத்தனை மாதமும் எந்த அரூருக்குப் பயந்து ஒளிந்தாளோ அந்த அரூர் அவளை ஒதுக்கவே இல்லை, வா என்றுதான் சொல்லியிருக்கிறது. கதவைச் சாத்தியது கன்னத்தில் முத்தம் வைத்த வாய். 'எனக்கு என்னம்மா' என்று அழுத அழுகை பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. பாசமும் இருந்திருக்கும், வெட்கமும் இருந்திருக்கும். வெட்கத்துக்குக் கனம் அதிகம், அவ்வளவுதான். அவளுக்கு அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை.

மேடையில் ஐயர் மைக்கில் கூப்பிட்டார். "பெண்ணப் பெத்தவா முன்னாடி வாங்கோ. தாரை வார்க்கணும்."

குப்புராஜ் முன்னால் வந்தான். பூவிழி சொம்பைக் கையில் எடுத்தாள். மணிமேகலை எழுந்தாள்.

நடுப்பாதை வழியாகத்தான் போனாள், ஓரமாகப் போகவில்லை. அதியமான்கோட்டை ஆட்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வரிசை வரிசையாகப் பேச்சு நின்றுபோனது. படியேறும்போது அர்ச்சுனன் ஓடிவந்து முழங்கையைப் பிடித்தான். "அக்கா, வேணாங்க்கா." அவள் அவன் கையைப் பார்த்தாள். அவன் எடுத்துக்கொண்டான்.

"ஏ மேகலை, கீழ போ" என்று குப்புராஜ் பல்லைக் கடித்தான். "மானம் போவுது."

"ஒனக்கு இருந்தாத்தான போவும்" என்றாள் அவள். அவ்வளவு பேருக்கு முன்னால் புருஷனை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"பெத்தவ."

"அப்போ இவா?"

பூவிழி சொம்பை அக்காவின் பக்கமாக நீட்டினாள். "நான் சித்திங்க சாமி" என்றாள். சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டாள்.

மணிமேகலை ஜாக்கெட்டின் கைக்கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். துணியை முழங்கைக்கு மேலே சுருட்டி விட்டாள். விளக்கு வெளிச்சத்தில் இரண்டு கையும் பளீரென்று தெரிந்தன. வீடியோக்காரன் கேமராவைக் கீழே இறக்குவதா வேண்டாமா என்று குழம்பி நின்றான். நவநீதனின் உள்ளங்கை மேல் மகளின் கை விரிந்திருந்தது, மருதாணி கருஞ்சிவப்பாகப் பிடித்திருந்தது. ஐஸ்வர்யா அம்மாவைப் பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டினாள். வேண்டாம் என்று.

மணிமேகலை சொம்பைச் சாய்த்தாள். பாலும் தண்ணீரும் கலந்த தாரை இறங்கியது. ஐஸ்வர்யா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

தண்ணீர் தட்டில் விழுந்து தெறித்தது. மண்டபமே பார்த்துக்கொண்டிருந்தது. ஐயர் மந்திரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். வேண்டுமென்று இழுத்தாளோ, தன்னை அறியாமல் இழுத்தாளோ, எதுவானாலும் மணிமேகலைக்கு அது ஒன்றுதான்.

முன்பு இருந்த மணிமேகலையாக இருந்தால் அந்த இடத்திலேயே உடைந்து உட்கார்ந்திருப்பாள். அல்லது என் தங்கமே என்று கெஞ்சியிருப்பாள். அந்தப் பிஞ்சுக் கைக்குச் சோறு பிசைந்து வைத்தது, காய்ச்சலில் இரவெல்லாம் பிடித்துக்கொண்டு கிடந்தது என்று எவ்வளவோ இருந்தது நினைக்க. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எதிரில் ஒரு கல்யாணப் பெண் இருந்தாள், அவள் கை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான் தெரிந்தது. மணிமேகலை இடது கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். கொதிக்கிற களியை எடுத்து எடுத்துப் பழகிய பிடி அது. இழுத்துக்கொண்டு வந்து மாப்பிள்ளையின் கை மேல் வைத்தாள். நவநீதன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்லுங்க சாமி" என்றாள்.

ஐயர் அவசர அவசரமாகச் சொல்ல ஆரம்பித்தார். அவள் ஊற்றினாள். நிதானமாக, விட்டுவிடாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினாள். ஐஸ்வர்யாவின் கண்ணிலிருந்து மையோடு தண்ணீர் இறங்கியது. பெற்றவளைப் பிரிகிற துக்கம் என்று மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். முன்வரிசைப் பிள்ளைகள் ஃபோனை மடியில் வைத்துவிட்டார்கள்.

மணிமேகலை மணிக்கட்டை விட்டாள். பிடித்த இடம் மகளுக்குச் சிவந்திருந்தது. ஐஸ்வர்யா முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து, உதடு அசையாமல் கேட்டாள்.

"போதுமா?"

ஆறு மாதமாக மணிமேகலை கேட்க விரும்பிய வார்த்தை அம்மா என்பது. இனி அந்த வாயிலிருந்து அது வராது என்று அவளுக்குத் தெரிந்தது. வந்தாலும் தான் திரும்பிப் பார்க்கப் போவதில்லை என்பதும் தெரிந்தது. அதுதான் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"போதும்" என்றாள்.

காலிச் சொம்பைக் குப்புராஜின் கையில் கொடுத்துவிட்டு அவள் படியிறங்கினாள். பின்னால் கெட்டிமேளம் கொட்டியது. எல்லாரும் மேடையைப் பார்த்து அட்சதை போட்டார்கள். அவள் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.